9115, ஜோலா சவுத்

போன வாரம் நண்பர் ஒருத்தருக்கு ஒரு பாட்டு அனுப்பி வச்சேன். தென்னாப்பிரிக்காவின் மண்டோசா பாடிய 'ங்கலகாத்தா'. ரெண்டு மணி நேரத்துல பதில் வந்துச்சு.

"அடி சும்மா அதிருதுப்பா. ஆனா உள்ள விஷயம் ஒண்ணும் இல்லையே? 'பெரிய ஆளு'ன்னு ஒரு தலைப்பு, அதைச் சுத்தி ஒரு பந்தா. இத்தனை வருஷம் நிறவெறியில அடிபட்ட ஜனங்க, விடுதலை கிடைச்சதும் பாட வேண்டிய பாட்டா இது?"

நண்பரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஒரு காலத்துல நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான். தென்னாப்பிரிக்க இசைன்னா எனக்கு மிரியம் மகேபா, ஹியூ மசகேலா. பிறந்த மண்ணுக்குத் திரும்ப முடியாம, முப்பது வருஷம் அந்நிய மேடைகள்ல நின்னு, ஊருக்காகப் பாடினவங்க, வாசிச்சவங்க. அந்த வரிசையில வச்சுப் பார்த்தா க்வைட்டோ (இந்த இசை வகைக்கு அதான் பேரு) ஏதோ கல்யாண வீட்டு மைக்செட்காரர் கூட்டத்தை எழுப்பப் போடுற பாட்டு மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது.

இப்ப அப்படித் தெரியலை. ஏன் தெரியலைங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க மக்களே.

*

முதல்ல க்வைட்டோ பற்றி, தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம்.

1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். 1994 ஏப்ரல் 27 அன்று எல்லா நிறத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது. இதையொட்டிய வருஷங்களில்தான் ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்புகளில், குறிப்பா சொவெட்டோவில், இந்த இசை உருவாச்சு. சிகாகோவிலிருந்து வந்த 'ஹவுஸ்' நடன இசைத்தட்டுகளை எடுத்துக்கிட்டாங்க. அது நிமிஷத்துக்கு 120 தட்டு, அதுக்கும் மேலே ஓடும். நம்ம பசங்களுக்கு அது ரொம்ப அவசரமாப் பட்டிருக்கு. வேகத்தைக் குறைச்சு 110, 100ன்னு இறக்கினாங்க. ஆடறவன் கொஞ்சம் நிதானமா, தோளைச் சாய்ச்சு, தரையை அழுத்தி ஆடற வேகம் அது. அடியில கனமான பாஸ். மேலே குரல். அதைப் பாடறதுன்னும் சொல்ல முடியாது, பேசறதுன்னும் சொல்ல முடியாது. ஒருத்தர் கூப்பிட, மத்தவங்க திருப்பிச் சொல்ற மாதிரி ஒண்ணு.

இதுக்குப் பெரிய வாத்தியக் கோஷ்டி தேவையில்லை. ஒரு கீபோர்டும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தா போதும். பாட்டு வாத்தியார்கிட்ட போகாத பசங்களும் பாட்டுப் போட முடிஞ்சது இதனாலதான்.

மொழி? அதுதான் முக்கியம். ஜூலு, சோத்தோ, இங்கிலீஷ், ஆஃப்ரிகான்ஸ் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கிண்டின தெருமொழி. 'க்வைட்டோ'ங்கிற பேரே 'க்வாய்'ங்கிற ஆஃப்ரிகான்ஸ் சொல்லிலிருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. அகராதியில அதுக்குக் கோபம், மூர்க்கம்னு அர்த்தம். தெருவுல அதுவே 'செம'ங்கிற மாதிரி ஆயிடுச்சு.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தது எதுக்காக? பள்ளிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸில்தான் படிக்கணும்னு அரசாங்கம் கட்டாயப்படுத்தினதை எதிர்த்து. ஆர்லாண்டோ ஸ்டேடியத்துல கூடறதா ஏற்பாடு. போய்ச் சேர முடியலை. வழியிலேயே போலீஸ் சுட்டது. பன்னிரண்டு வயசு ஹெக்டர் பீட்டர்சனை ஒரு மாணவர் தூக்கிக்கொண்டு ஓடும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. (அந்த ஸ்டேடியத்தை மனசுல வச்சுக்குங்க. இந்தப் பதிவுல இன்னும் ரெண்டு தடவை வரும்.)

அந்த மொழியைத் திணிச்சப்போ உயிரைக் கொடுத்து எதிர்த்த ஊரு. இருபது வருஷம் கழிச்சு, அதே ஊர்ப் பசங்க, அதே மொழியோட சொற்களைக் கேட்டுக் கேள்வி இல்லாம எடுத்து, முறுக்கி, தங்களுக்குப் பிடிச்ச அர்த்தத்தை ஏத்தி, அதுக்கு ஆடறாங்க. இதுல அரசியல் இல்லைன்னா வேற எதுல இருக்கு?

கோபமே இல்லாத இசைன்னும் சொல்லிட முடியாது. 1995-ல் ஆர்தர் மஃபொகாட்டே போட்ட 'காஃபர்'தான் க்வைட்டோவின் முதல் பெரிய ஹிட்னு சொல்லுவாங்க. கறுப்பர்களை வெள்ளை முதலாளிகள் இழிவா அழைத்த சொல் அது. அங்க அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. 'என்னை அப்படிக் கூப்பிடாதே'ங்கிறதுதான் பாட்டோட சாரம். அதையும் ஜனங்க ஆடித்தான் கேட்டாங்க. அழுதுகிட்டுச் சொன்னா மட்டும்தான் உண்மையான்னு அப்பதான் எனக்கு முதல் தடவையா ஒரு சந்தேகம் வந்துச்சு.

*

சரி, நம்ம ஆளுக்கு வருவோம்.

மண்டோசாவின் முழுப்பெயர் ம்டுடூஸி எட்மண்ட் ட்ஷபலாலா. 1978 ஜனவரி 17-ல் பிறந்தவர். சொவெட்டோவுக்குள்ளேயே ஜோலான்னு ஒரு பகுதி. 'அந்தப் பக்கம் ராத்திரி போகாதே'ன்னு சொவெட்டோக்காரங்களே சொல்ற இடம். அப்பா இல்லாத வீட்டில், அம்மாவும் தாத்தா பாட்டியும் வளர்த்த பிள்ளை. பதினாறு வயசுல கார் திருட்டுக் கேஸ். ஒன்றரை வருஷம் டீப்க்ளூஃப் சிறை. உள்ளூரில் அதுக்கு 'சன் சிட்டி'ன்னு பேரு. பணக்காரங்க போற ஒரு சொகுசு விடுதியின் பெயரை ஜெயிலுக்கு வச்சிருக்காங்க. அந்த ஊர் நக்கலுக்கு இதைவிட உதாரணம் வேணுமா? :-)

பதினாறு வயசுன்னா கணக்குப் போட்டுப் பாருங்க. 1994. நாடே ஓட்டுப் போட வரிசையில நின்ன வருஷம். ஒரு தலைவர் சிறையிலிருந்து வந்து ஜனாதிபதி ஆன காலத்துல, இந்தப் பையன் சிறைக்குள்ள போறான். விடுதலை எல்லா வீட்டுக் கதவையும் ஒரே நாள்ல தட்டலைங்கிறதுக்கு வேற சாட்சி வேண்டாம்.

வெளியே வந்ததும் சின்ன வயசுக் கூட்டாளிகள் மூணு பேரோட சேர்ந்து 'சிஸ்காப்'னு ஒரு குழு. 'மொட்டைத் தலை'ன்னு அர்த்தம். மேலே சொன்ன ஆர்தர்தான் இவங்களைக் கண்டுபிடிச்சு வாய்ப்புக் கொடுத்தவர். குழு ஓரளவு பேர் வாங்கினதும் மண்டோசா தனியா ஒரு ஆல்பம் போட்டார். 1999. அதுக்கு அவர் வச்ச பேருதான் இந்தப் பதிவின் தலைப்பு: '9115 ஜோலா சவுத்'.

அது அவர் வீட்டு விலாசம்.

எனக்கு மண்டோசா புரிய ஆரம்பிச்சது எந்தப் பாட்டைக் கேட்டும் இல்லை. இந்தத் தலைப்பு விலாசம்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான்.

சொவெட்டோ வீடுகள் பற்றித் தெரிஞ்சாத்தான் இதோட கனம் புரியும். நிறவெறி அரசாங்கம் வேலைக்கு ஆள் வேணும்னு கறுப்பர்களை நகரத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டது. ஆனா நகரத்துக்குள்ள குடியிருக்க விடலை. ஊருக்கு வெளியே வரிசை வரிசையா ஒரே மாதிரி நாலு அறை வீடுகள். 'தீப்பெட்டி வீடு'ன்னுதான் ஜனங்க சொல்லுவாங்க. வீடு அரசாங்கத்தோடது, நீ வாடகைக்காரன். பல பத்தாண்டுகளுக்கு அந்த மண்ணைச் சொந்தமா வாங்க உனக்கு உரிமை கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். கட்டினவனுக்கும் வாடகை வசூலிக்கிறவனுக்கும் ராத்திரி வந்து கதவை இடிக்கிற போலீசுக்கும் வசதியா இருக்கட்டும்னு போட்ட நம்பர் அது. குடியிருந்தவங்க கேட்டு வாங்கினது இல்லை.

அந்த நம்பரைத்தான் இருபத்தோரு வயசுப் பையன் ஒருத்தன் எடுத்து ஆல்பத்தின் அட்டையில பேராப் போட்டு, நாடு முழுக்கக் கடைகளில் விக்க வச்சான். 'நான் எங்கிருந்து வந்தேன்னு கேக்கறியா? இந்தா விலாசம், வந்து பாரு'ங்கிற மாதிரி.

இன்னொரு நம்பர் சொல்றேன். 8115, ஆர்லாண்டோ வெஸ்ட். இதுவும் சொவெட்டோதான். நெல்சன் மண்டேலா 1946-லிருந்து குடியிருந்த வீடு. 1990-ல் விடுதலையான பிறகு முதல்ல திரும்பி வந்ததும் இங்கேதான். இப்ப அது அருங்காட்சியகம். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் சுற்றுலாக்காரங்க வந்து டிக்கெட் வாங்கிப் பார்க்கறாங்க.

8115, 9115. நம்பர் ஒத்துப்போறது வெறும் தற்செயல்தான். அதுல மாயம் எதுவும் தேட வேண்டாம். ஆனா ரெண்டும் ஒரே நோக்கத்துக்காகப் போட்ட நம்பர்கள். முதல் நம்பரை வரலாறுன்னு கும்பிடற நாம, ரெண்டாவதைப் பார்த்து 'இதுல விஷயம் என்ன இருக்கு'ன்னு கேக்கறோம். என் நண்பருக்கு நான் சொல்ல வந்த பதிலே இதுதான். முதல் வீட்டுக்காரர் போராடினது, ரெண்டாவது வீட்டுப் பையன் தன் இஷ்டத்துக்கு இருக்கணும்னுதானே? அவன் இஷ்டம் பாட்டும் ஆட்டமுமா இருந்தா நமக்கு ஏன் ஏமாற்றம்?

(மண்டோசா மட்டும் இல்லை. அதே ஜோலாவிலிருந்து வந்த இன்னொரு க்வைட்டோ பாடகர் பாங்கின்கோஸி ட்லாமினி தன் மேடைப் பேரையே 'ஜோலா'ன்னு வச்சுக்கிட்டார். 2006-ல் சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கின 'ட்ஸோட்ஸி' படத்துல நடிச்சவரும் பாடினவரும் இவர்தான். பயந்து ஒதுக்கின ஒரு பகுதியின் பேரை ரெண்டு பேர் எடுத்துப் பட்டம் மாதிரி சூட்டிக்கிட்டாங்க.)

*

2000-ல் வந்தது 'ங்கலகாத்தா'.

காபி லெ ரூன்னு ஒரு வெள்ளைக்கார இசை தயாரிப்பாளரோட (நீங்க குடிக்கிற காபி இல்லை!) சேர்ந்து போட்ட பாட்டு. ராக் கிட்டார் உறுமற மாதிரி ஒரு சின்ன இசைத்துணுக்கு திரும்பத் திரும்ப வரும். அதுக்கு மேல மண்டோசாவோட குரல். இனிமையான குரல்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கரகரன்னு, தொண்டையைச் செருமிக்கிட்டே பேசற மாதிரி இருக்கும். தலைப்புக்குப் 'பெரிய ஆள்', 'தலை'ன்னு எடுத்துக்கலாம்.

ஆல்பம் பல மடங்கு பிளாட்டினம் ஆச்சு. 2001-ல் தென்னாப்பிரிக்க இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல். அதெல்லாம் பெரிசில்லை. அதுவரைக்கும் க்வைட்டோ கறுப்பர் வானொலிகள்ல, மினி பஸ் டாக்ஸிகள்ல, குடியிருப்புத் தெருக் கொண்டாட்டங்கள்ல சுத்திக்கிட்டு இருந்த சரக்கு. இந்தப் பாட்டு வேலி தாண்டிடுச்சு. வெள்ளையர்கள் கேக்கற வானொலிகள்ல, அவங்க கல்யாணங்கள்ல, ரக்பி மைதானங்கள்ல போட ஆரம்பிச்சாங்க. ரக்பின்னா அங்க வெறும் விளையாட்டு இல்லை. ஆஃப்ரிகான்ஸ் பேசற வெள்ளையர்களுக்கு அது கிட்டத்தட்ட கோயில். அந்தக் கோயிலுக்குள்ள, கார் திருடி ஜெயிலுக்குப் போயிட்டு வந்த ஜோலா பையனோட கரகரக் குரல்!

இந்த இடத்துலதான் ரெண்டாவது கட்சிக்காரங்க வருவாங்க. 2016-ல் மண்டோசா இறந்தப்போ வந்த அஞ்சலிக் கட்டுரைகள் பலதுல இதையே வேற ராகத்துல படிச்சேன்: 'கறுப்பையும் வெள்ளையையும் ஒரே பாட்டுக்கு ஆட வைத்தவர்', 'தேசத்தை இணைத்த குரல்'.

என் நண்பர் சொன்னதைவிட எனக்கு இதுதான் அதிகமா உறுத்துது. நண்பர் பாட்டை மட்டம் தட்டினார், அவ்வளவுதான். இவங்க பாட்டு மேல ஒரு நாட்டோட பொறுப்பையே ஏத்தி வைக்கறாங்க. கல்யாண வீட்டுல மூணு நிமிஷம் ஒண்ணா ஆடினதால யாரு எங்க குடியிருக்காங்கங்கிறது மாறிடுச்சா? இனவாரியா குடியிருப்பைப் பிரிச்ச சட்டம் 1991-ல் ரத்தாச்சு. தீப்பெட்டி வீட்டுக்காரன் அதுக்காக மறுநாளே இடம் மாறிடலை. பாட்டுக்கு பாஸ்போர்ட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். அது வேலி தாண்டிடும். 'பெரிய ஆளு'ன்னு தொண்டை கிழியக் கத்தின ரக்பி ரசிகர்கள்ல எத்தனை பேர் 9115-ஆம் நம்பர் வீடு இருக்கிற தெருவை எட்டிப் பார்த்திருப்பாங்க?

இதுக்கு ஒரு சுவாரஸ்யமான பின்குறிப்பு உண்டு. 2010-ல் உலகக் கோப்பை கால்பந்துக்காக ப்ரிட்டோரியாவின் லாஃப்டஸ் மைதானத்தைக் கொடுக்க வேண்டி வந்துச்சு. அது புல்ஸ் ரக்பி அணியோட கோட்டை. வேற வழியில்லாம மே 22 அரையிறுதியையும் மே 29 இறுதியையும் எங்க ஆடினாங்க தெரியுமா? சொவெட்டோவில், ஆர்லாண்டோ ஸ்டேடியத்துல! 1976-ல் பிள்ளைகள் போய்ச் சேர முடியாத அதே ஸ்டேடியம். நீல ஜெர்சி போட்ட வெள்ளைக்கார ரசிகர்கள் கூட்டம் கூட்டமா வந்தாங்க. அவங்கள்ல பல பேருக்கு வாழ்க்கையிலேயே முதல் சொவெட்டோ பயணம். சுத்தியிருந்த வீட்டுக்காரங்களோட சேர்ந்து கறி சுட்டுத் தின்னு, பீர் குடிச்சு, வுவுசெலா ஊதினாங்க. ரெண்டு ஆட்டத்துலயும் புல்ஸ்தான் ஜெயிச்சது.

நல்ல விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா கவனிங்க. ஒரு பாட்டைப் பத்து வருஷமாத் தூக்கி வச்சு ஆடினவங்களை அந்தப் பாட்டுக்காரனோட ஊருக்கு வரவழைச்சது எது? மைதானப் பற்றாக்குறை! :-) பாட்டால ஆகாததை ஒரு நிர்வாகச் சிக்கல் செஞ்சுடுச்சு. அதனால பாட்டு தோத்துப்போச்சுன்னு நான் சொல்லலை. அந்த வேலை பாட்டோடது இல்லைன்னுதான் சொல்றேன்.

*

இனி என் கட்சியில இருக்கற ஓட்டைகளையும் சொல்லிடறேன், இல்லேன்னா பின்னூட்டத்துல வந்து கிழிச்சுத் தொங்க விடுவீங்க.

ஒண்ணு, க்வைட்டோவில் குப்பை நிறைய. கார், சரக்கு, பொண்ணுங்க உடம்புன்னு ஒரே செக்கைச் சுத்தின பாட்டுகள் ஏராளம். மேடையில பின்னால நின்னு ஆடற பொண்ணுங்களை அலங்காரப் பொருளா வச்சிருந்த காலத்துல, பூம் ஷாகா குழுவோட லெபோ மதோஸா மாதிரி ஒருத்தர் முன்னால வந்து மைக்கைப் பிடிச்சு நிக்க எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. (அவரும் 2006-ல் ஒரு சாலை விபத்துல, முப்பது வயசுக்குள்ள, போயிட்டார்.) ஆட உரிமை உண்டுன்னு நான் வாதாடறதால, ஆடற எல்லாத்தையும் தலையில தூக்கி வச்சுக்க முடியாது.

ரெண்டு, மண்டோசா புனிதர் இல்லை. 2008-ல் அவர் ஓட்டிப்போன வண்டி மோதின விபத்துல ரெண்டு உயிர் போச்சு. வழக்கு, கோர்ட்டுன்னு அலைஞ்சார். அந்த ரெண்டு குடும்பத்துக்கு அந்தக் கரகரக் குரல் எப்படிக் கேட்டிருக்கும்னு நினைச்சா, எனக்கு 'தேசத்தை இணைத்த குரல்' மாதிரி வார்த்தையெல்லாம் வாயில வர மறுக்குது. அஞ்சலிக் கட்டுரைகள் பலது இதை ஒரு வரியில தாண்டிப் போயிடுச்சு. ஒருத்தரைச் சின்னமா மாத்தினா இதான் சிக்கல். சின்னத்துக்குக் குத்தம் இருக்கக் கூடாது, அதனால மறைக்கணும். மனுஷனா வச்சா மறைக்க வேண்டியதில்லை.

மூணு, 'எல்லாரும் ஆடிக்கிட்டே இருந்தா யாருப்பா கேள்வி கேக்கறது?' நியாயமான கேள்வி. 1994-க்குப் பிறகும் வேலையில்லாத் திண்டாட்டமும் எய்ட்ஸும் அந்தக் குடியிருப்புகளைத் தின்னுச்சு. க்வைட்டோ அதைப் போதுமான அளவு பேசலைன்னு அந்த ஊர்க்காரங்களே விமர்சனம் வச்சிருக்காங்க. அவங்க சொல்லலாம். அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. கடல் தாண்டி உக்காந்து ஹெட்போன் மாட்டிக்கிட்டிருக்கற எனக்கும் என் நண்பருக்கும் அந்த உரிமை இருக்கான்னுதான் தெரியலை.

*

கடைசியா அந்த ஸ்டேடியம்.

2016 மே மாதம் தென்னாப்பிரிக்க அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி ஒரு முடிவை அறிவிச்சது: தன் 18 வானொலிகளிலும் இனி 90 சதவீதம் உள்நாட்டு இசைதான். அதுக்கு நன்றி சொல்லறதுக்காக செப்டம்பர் 10 அன்று ஆர்லாண்டோ ஸ்டேடியத்துல ஒரு கச்சேரி. மண்டோசாவுக்குப் புற்றுநோய்னு அதுக்குள்ள வெளியே தெரிஞ்சிருந்தது. ஆள் பாதியா இளைச்சிருந்தார். பார்வை மங்கிப்போயிருந்தது. அந்த நிலைமையில மேடை ஏறினார். 'ங்கலகாத்தா' பாடினார்.

எட்டு நாள் கழிச்சு, செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். வயசு 38. மனைவி, நாலு குழந்தைகள்.

அந்த வீடியோவை ஒரே ஒரு தடவைதான் என்னால பார்க்க முடிஞ்சது. இவ்வளவு முடியாத ஒருத்தரை எதுக்கு மேடை ஏத்தணும்னு கோபம் வந்துச்சு. நிறைய பேருக்கு வந்திருக்கு. ஒரு நிறுவனத்துக்கு நன்றி சொல்லவா ஒருத்தரோட கடைசி மூச்சு? அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசா அடங்கலை.

ஆனா இப்ப எழுதும்போது இன்னொண்ணும் தோணுது. பள்ளிப் பிள்ளைகள் 1976-ல் கிளம்பி வந்தும் எட்ட முடியாம போன இடம் அது. அங்க சொவெட்டோ பையன் ஒருத்தன், தன் சொந்த ஊர் ஸ்டேடியத்துல, தன் சொந்தப் பாட்டை, கலப்படத் தெருமொழியில, யார்கிட்டயும் அனுமதி கேக்காம பாடிட்டுப் போயிருக்கான். அழக் காரணம் அத்தனை இருந்தும் அன்னைக்கும் அவன் பாடினது ஒரு ஆட்டப் பாட்டைத்தான்.

என் நண்பருக்கு நான் அனுப்பின பதில் ரொம்பச் சின்னது. இப்படித்தான் எழுதினேன்:

"நீங்க அழகாக் கஷ்டப்படுங்க, நாங்க உக்காந்து உருகறோம்னு சொல்ற மாதிரி இருக்கு சார் நம்ம கேள்வி. கஷ்டம் முடிஞ்சா அவங்க ஆடக் கூடாதா?"

இன்னும் பதில் வரலை. ஆனா நேத்து ராத்திரி போன்ல பேசும்போது பின்னால அந்தக் கிட்டார் உறுமல் கேட்டுச்சு. நான் ஒண்ணும் கேக்கலை. அவரும் ஒண்ணும் சொல்லலை. :-)

உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் பாட்டை ஒரு தடவை கேட்டுட்டு வந்து திட்டுங்க.

பி.கு: பழக்கமில்லாதவங்க நேரா 'ங்கலகாத்தா'வுக்குப் போகாம, 1999 ஆல்பத்துல வர 'உஸோயிதோலா கஞ்ஜானி'யிலிருந்து ஆரம்பிங்க. ஜோலா சவுத் வீட்டு வாசல் வழியா உள்ள போன மாதிரி இருக்கும்.